தேயிலை மலையில் முன்னோர் படையல்

ஐப்பசித் திங்களில் நுவரெலியாவிலும் அட்டனிலும் மழை எளிதில் விடுவதில்லை. காலையில் சற்றே வெளுக்கும் வானம் நண்பகலுக்குள் கறுத்துவிடும். பிற்பகலில் மூடுபனி இறங்கி, கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் சுற்றியுள்ள படங்குகளை நனைக்கும். இந்த ஈரத்தின் நடுவேதான், அரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இடித்துச் செய்யவேண்டிய ஒரு பண்டத்தை மலையகத் தமிழ்ப் பெண்கள் ஆண்டுதோறும் செய்து வருகின்றனர். அதிரசம் என்பது அதன் பெயர். தீபாவளிக்குப் பலகாரம் சுடுவது தமிழர் வாழும் இடமெங்கும் உள்ள வழக்கமே. ஆயினும் தேயிலைத் தோட்டத்து வீடுகள் பலவற்றில், சட்டியிலிருந்து முதலில் எடுக்கப்படும் அதிரசம் குழந்தைகளுக்கும் இல்லை, விருந்தினருக்கும் இல்லை. அது இறந்துபோனோருக்கு உரியது. அவர்களுக்குப் படைத்து முடிக்கும்வரை எவரும் அதனை வாயில் வைத்தலாகாது.

அதிரசம் புதிய பண்டமன்று. விசயநகர வேந்தர் காலத்துத் திருமலைக் கல்வெட்டுகளில் இறைவனுக்குரிய நிவேதனங்களுள் ஒன்றாக அதிரசப்படி குறிக்கப்பெற்றுள்ளது. திருச்சிராப்பள்ளி, சேலம், புதுக்கோட்டை, மதுரை முதலிய பகுதிகளிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கைக்கு வந்த உழைப்பாளர்கள் கையில் கொணர்ந்த பொருள்கள் மிகச் சில. சமையற் பக்குவம் சுமையாகாத பொருளாதலின் அதுவும் உடன் வந்தது. இங்கு வந்தபின் அதற்கு உறவும் கிடைத்தது. சிங்கள மக்களிடையே அதிரச என்ற பெயரிலேயே ஒரு பலகாரம் உண்டு. அரிசி மாவும் கித்துள் பாணியும் சேர்த்துச் சுடும் கெவும் என்பதும் அதன் இனத்தைச் சேர்ந்ததே. ஆதலால் தோட்டத்துக்கு அடுத்த கிராமத்தில் புத்தாண்டுக்குக் கெவும் சுடும் மூதாட்டிக்கும், லயத்தில் தீபாவளிக்கு அதிரசம் சுடும் மூதாட்டிக்கும் மொழி வேறாயினும் கைப்பக்குவத்தில் பேசிக்கொள்வதற்கு நிரம்ப உண்டு.

இனி, அதனைச் செய்யும் முறையைச் சற்று விரிவாகவே சொல்லுதல் வேண்டும். படையலின் அருமை அதில்தான் இருக்கிறது. அதிரசத்திற்குப் பச்சரிசியே ஏற்றது. நெல்லிலேயே வெந்துவிட்ட புழுங்கலரிசி பாகுடன் இணங்குவதில்லை. அரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, நீரை வடித்து, துணியில் பரப்பி நிழலில் உலர்த்துவர். முற்றக் காய்ந்துவிட்டால் அரிசி பயன்படாது. கையில் அள்ளினால் ஒட்டாமல், ஆனால் தொட்டால் குளிர்ச்சி தெரியும் நிலையில் உரலில் இட்டு இடிக்கவேண்டும். இடித்துச் சலித்த மாவைக் கைப்பிடியில் அழுத்தினால் பிடித்த பிடி நிற்கவேண்டும். சமவெளியில் இவையனைத்தும் ஒரு முற்பகலில் முடிந்துவிடும். மழைக்கால மலையிலோ துணி தானே ஈரம் கக்கும். அடுப்புக்கு மேலுள்ள பரணுக்கு அருகில், புகை படாமலும் வெம்மை மட்டும் படுமாறும் அரிசியைப் பரப்பி வைப்பது அனுபவம் கற்பித்த உபாயம். புகை பட்டால் அந்த மணம் அதிரசத்தை விட்டு எளிதில் நீங்காது.

பாகு காய்ச்சுவது இதனினும் கடினம். ஒரு கிலோ அரிசிக்கு ஏறக்குறைய முக்கால் கிலோ வெல்லம் வேண்டும். வெல்லத்திற்குப் பதிலாக அயற்கிராமத்துக் கித்துள் கருப்பட்டியைக் காய்ச்சுவோரும் உண்டு. அப்போது நிறம் கருமையேறும், மணமும் வேறுபடும். சிறிதளவு நீரில் கரைத்து வடிகட்டிக் காய்ச்சும் பாகின் ஒரு துளியைக் குளிர்ந்த நீரில் விட்டுப் பார்ப்பர். கரைந்தால் இளம்பாகு. நீருக்கடியில் தக்காளிப்பழம்போல் மெத்தென்று திரண்டு நின்றால் அதுவே பதம். ஒரு கணம் பிந்தினாலும் பாகு முறுகிவிடும்.

“அப்பாயி, பதம் வந்திருச்சா?” என்று பேத்தி கேட்கிறாள்.

“அடுப்பைப் பாக்காத தாயி, தண்ணியைப் பாரு,” என்கிறாள் கிழவி.

அம் மூதாட்டியின் விடையில் நல்ல விஞ்ஞானம் இருக்கிறது. கடல்மட்டத்தில் 100 பாகை வெப்பத்தில் கொதிக்கும் நீர், 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 94 பாகைக்கு அண்மையிலேயே கொதித்துவிடும். சர்க்கரைப் பாகின் கொதிநிலையும் அவ்வாறே தாழும். சமவெளியில் எழுதப்பட்ட ஒரு சமையல் நூலின் வெப்ப அளவை நம்பி மலைமேல் பாகு காய்ச்சுபவர், பாகு முறுகியபின்னரும் பதம் வரவில்லை என்று காத்திருப்பார். குளிர்ந்த நீரில் திரளும் உருண்டை எந்த உயரத்திலும் பொய் சொல்வதில்லை.

பாகில் ஏலமும் சுக்கும் தூவி, மாவைச் சிறிது சிறிதாகக் கொட்டிக் கிளறி, துணியால் வாய்கட்டிய பானையில் ஒரு நாளேனும் வைத்திருப்பர். மறுநாள் அதனை எடுத்து, வாழையிலையில் தட்டி, மெல்லிய தீயில் காயும் தேங்காயெண்ணெயில் இடுவர். நுவரெலியாவின் குளிரில் வாழை செழிப்பதில்லை. அங்கே எண்ணெய் தடவிய தாள்தான் வாழையிலை. பாகு இளகியிருந்தால் அதிரசம் சட்டியிலேயே பிரிந்து கரைந்துவிடும். முறுகியிருந்தால் பல்லுக்கு அடங்காது. ஓராண்டுச் சேமிப்பு அந்தச் சட்டியில் கிடக்கிறது என்பதை நினைத்தால், முதல் அதிரசம் எண்ணெயில் விழும்போது அந்தக் காம்பராவில் நிலவும் அமைதியின் காரணம் விளங்கும்.

ஓராண்டுச் சேமிப்பு என்பது மிகைக் கூற்றன்று. தேயிலை விளையும் மலையில் நெல் விளைவதில்லை. கோப்பித் தோட்டக் காலந்தொட்டே தொழிலாளர்க்குரிய அரிசி வெளியிலிருந்து வந்தது. 1867இல் கண்டிக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் புகைவண்டிப் பாதை வருமுன்னர் வண்டிமாடுகளும் மனிதத் தலைகளுமே அதனைச் சுமந்தன. தோட்டம் அரிசியை அளந்து கொடுத்து, விலையைச் சம்பளத்தில் கழித்துக்கொண்டது. 1927ஆம் ஆண்டுச் சட்டம் குறைந்தபட்சக் கூலியை வரையறுத்தபோது அரிசி வழங்கும் விலையையும் சேர்த்தே வரையறுக்கும்படி நேர்ந்தது. கூலியும் அரிசியும் அவ்வளவு பிணைந்திருந்தன. அளந்து தந்த அரிசி அன்றாடக் கஞ்சிக்கே போதாத இல்லத்தில், படியளவு பச்சரிசியைத் தனியே ஒதுக்கிவைப்பதென்றால் யாரோ ஒருத்தி பல வேளை அரைவயிறாக உண்டிருக்கவேண்டும். அவள் பெரும்பாலும் தாயாகவே இருப்பாள்.

பிற்காலத்தில் தீபாவளி முற்பணம் என்ற ஏற்பாடு வந்தது. பண்டிகைக்கு முன் கையில் தந்து, பின்னர் மாதந்தோறும் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும் கடன் அது. அதனை எப்பொழுது கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்ற வாதம் புரட்டாசி தொடங்கியவுடன் தோட்டங்களில் எழுந்துவிடும். கடன்பட்டு இறந்தோருக்குப் படைப்பது அறிவுடைமையாகுமா என்று கேட்போர் உளர். கேள்வி நியாயமானது போலவே தோன்றும். ஆனால் இம்மக்களின் இறந்தோருக்கு வேறு என்ன எஞ்சியிருக்கிறது என்பதையும் கேட்டவரே பார்த்தல் வேண்டும்.

டிக்கோயாவில் காசல்ரீ நீர்த்தேக்கத்தை நோக்கி நிற்கும் வார்லி தேவாலயம் 1878இல் எழுந்தது. அதன் முற்றத்தில் தோட்டத் துரைமாரின் கல்லறைகள் பெயரும் ஆண்டும் பொறிக்கப்பெற்று நிற்கின்றன. பொகவந்தலாவையிலுள்ள தூய மரியாள் தேவாலயத்தில், 1879இல் காலமான புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரூன் துயில்கிறார். அவருடைய பெயரைத் தேடி இன்றும் வெளிநாட்டார் வருகின்றனர். அவை நன்கு பேணப்படுவது மகிழ்ச்சிக்குரியது. அதே மலைகளில் காட்டை வெட்டி, பாதை அமைத்து, கோப்பியும் பின்னர்த் தேயிலையும் நட்டவர்கள் எங்கே கிடக்கின்றனர் என்பதற்குக் கல் எதுவுமில்லை. மன்னாரிலிருந்து மாத்தளை நோக்கிக் காட்டுவழியே நடந்து வரும்போதே வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வீழ்ந்தவர் பலர். வந்து சேர்ந்து உழைத்து மடிந்தோர் தோட்டத்து மூலையில் அடங்கினர். சில ஆண்டுகளில் மழை அந்த மேட்டைச் சமன் செய்துவிட்டது. மண்ணும் அவர்களுடையதன்று, வீடும் அவர்களுடையதன்று. நிலத்தில் ஓர் அடையாளம் நாட்டும் உரிமையற்றவர்கள் நினைவை நாவில் நாட்டினர்.

படையலை அவர்கள் நடத்தும் விதம் இதனைக் காட்டும். லயத்துக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்குள்ளேயே அடுப்பும் படுக்கையும் பெட்டியும். தீபாவளிக்காக அதைச் சாணமிட்டு மெழுகுவது முன்பு வழக்கம். இக்காலத்தில் சீமெந்துத் தரையைக் கழுவுகிறார்கள். சுவரோரம் விளக்கேற்றி, புதுத் துணியை மஞ்சள் தடவி மடித்து வைத்து, இலை போட்டுச் சோறும் கறியும் வடையும் அதிரசமும் பரிமாறுவர். இறந்தவர் எதை விரும்பினாரோ அதுவும் இலையருகே வரும். ஒருவருக்கு வெற்றிலை, ஒருவருக்குச் சுருட்டு, வேறொருவருக்குத் தவறணையிலிருந்து வாங்கிய சாராயம். (இந்தக் கடைசிப் பொருளில் இறந்தவரின் பங்கு சிறிது, உயிரோடிருப்பவரின் பங்கு பெரிது என்பது பெண்களின் நெடுநாளைய முறைப்பாடு. அதில் உண்மை இல்லாமலில்லை.)

சாம்பிராணிப் புகை எழுந்ததும் வீட்டில் மூத்தவர் பெயர்களைச் சொல்லி அழைப்பார். தந்தை, தாய், பாட்டன், பாட்டி, பிள்ளைப் பருவத்தில் போன குழந்தை. மூன்று தலைமுறைக்கு மேல் பெயர்கள் நின்றுவிடும். அங்கே அவர் தயங்குவதில்லை. “பேர் தெரிஞ்சவங்களும் வாங்க, பேர் தெரியாதவங்களும் வாங்க,” என்று அழைத்துவிட்டுக் கைகூப்புவார். வழியில் வீழ்ந்தோரும் அந்த அழைப்பில் அடங்கிவிடுகின்றனர்.

அதன்பின் சில குடும்பங்களில் கதவைச் சாத்திவிடுவர். வந்தவர்கள் கூச்சமின்றி உண்ணவேண்டும் அல்லவா? தமிழகத்துக் கிராமங்களிலும் இவ்வழக்கம் உண்டு. ஆனால் அங்கே வேறு அறைக்கோ திண்ணைக்கோ சென்றிருக்கலாம். லயத்தில் வீடென்பதே ஓர் அறை. அதனை இறந்தோருக்கு விட்டுக்கொடுத்தபின் குடும்பம் முழுவதும் இஸ்தோப்பில் வந்து நிற்கும். கிழவி, மகன், மருமகள், கைக்குழந்தை எல்லாரும் தகரக் கூரையின் விளிம்பிலிருந்து கொட்டும் மழையைப் பார்த்தபடி சில நிமிடம் பேசாமல் நிற்பர். அடுத்த காம்பராவின் வாசலிலும் அதேபோல் ஒரு குடும்பம் நின்றுகொண்டிருக்கும். பிறகு மூத்தவர் கதவை மெல்லத் தட்டித் திறப்பார். காகத்துக்கு ஒரு பிடி வைத்தபின் அதிரசம் குழந்தைகளின் கைக்கு வரும்.

அரிசியை இனிப்பாக்கி இறந்தோர்க்கு இடும் வழக்கம் நெல் உண்ணும் நாடுகள் பலவற்றில் இருக்கிறது. பிலிப்பைன்சின் வட பகுதியில் வாழும் இலோகானோ மக்கள் நவம்பர் முதலிரு நாள்களில் கல்லறைகளுக்குச் சென்று, ஒட்டரிசியைத் தேங்காய்ப்பாலிலும் பழுப்புச் சர்க்கரையிலும் வேகவைத்த பண்டங்களை முன்னோர்க்கு வைக்கின்றனர். அதாங் என்பது அப்படையலின் பெயர். சப்பானியர் பகலும் இரவும் ஒத்திருக்கும் நாள்களை ஒட்டி, ஓஹாகி எனப்படும் அரிசி உருண்டையில் இனிப்பிட்ட பயற்றங்கூழைப் பூசிப் படைக்கின்றனர். மலையகத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களும் நவம்பர் 2ஆம் நாள் கல்லறைகளைத் துப்புரவாக்கி மெழுகுதிரி ஏற்றுகின்றன. சில ஆண்டுகளில் அந்நாளும் தீபாவளியும் அடுத்தடுத்தே வருகின்றன. ஆனால் பிலிப்பைன்சுக் குடியானவரும் சப்பானியரும் தம் முன்னோரின் கல்லறை எங்கே என்று அறிவர். இறந்தவர் இருக்கும் இடத்துக்கு அவர்கள் பண்டத்தைக் கொண்டுசெல்கின்றனர். தோட்டத் தொழிலாளர் பண்டத்தைக் காட்டி, எங்கோ இருப்பவரைத் தம் இடத்துக்கு வரவழைக்கின்றனர்.

இவ்வழக்கம் அற்றுப்போயிருக்கக்கூடிய காலங்கள் பல வந்தன. 1942இல் பர்மா சப்பானியர் கையில் வீழ்ந்தபோது அங்கிருந்து வந்த அரிசி நின்றது. இலங்கையில் பங்கீடு தொடங்கிற்று. தோட்டத்தின் காலை உணவில் கோதுமை ரொட்டி நிலையான இடம் பெற்றுவிட்டது. 1973, 1974ஆம் ஆண்டுகளில் அரிசிப் பங்கீடு குறைந்து கோதுமை மாவும் அரிதானபோது தோட்டங்களில் பட்டினியால் மக்கள் மாண்டனர். அத்தீபாவளிகளில் பல இலைகளில் அதிரசம் இருந்திருக்க இயலாது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் கோதுமை மாவின் விலை பன்மடங்கு ஏறியபோது, அக்காலத்தை நினைவிற்கொண்டிருந்த முதியோர் அஞ்சியதில் வியப்பில்லை.

பஞ்சத்தினும் பெரிய இடையூறு பிரிவு. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964 அக்டோபர் 30ஆம் நாள், அவ்வாண்டுத் தீபாவளிக்குச் சில நாள்களே இருந்தபோது, சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் உடன்படிக்கை செய்துகொண்டனர். 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, எஞ்சிய 1,50,000 பேரின் விதியைப் பிறகு பேசிக்கொள்வது என்பது ஏற்பாடு. அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி மற்றொரு நாட்டுக்கும் உரியவனாயினான். அட்டன் நிலையத்தில் கோச்சி ஏறியவர்கள் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரம் சேர்ந்தனர். 1984இல் அக்கப்பல் நிற்கும்வரை அந்த வழியே மக்கள் சென்றனர். உயிரோடிருப்போரைப் பிரிக்க அரசுகள் எண் வகுத்தன. மலையில் புதைந்தோர் எந்த எண்ணிலும் சேரவில்லை.

கோத்தகிரியிலும் கூடலூரிலும் குடியேறியோரிற் பலர் மீண்டும் தேயிலையிலேயே வேலை பெற்றனர். அவர்களுக்கென 1968இல் தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டத் திட்டமொன்றைத் தொடங்கிற்று. நீலகிரியின் குளிரும் நுவரெலியாவின் குளிரும் ஏறத்தாழ ஒன்றே. மாவு உலர்வதில் உள்ள தொல்லையும் ஒன்றே. அங்கும் படையல் நடைபெறுகிறது. கடலுக்கப்பால் அடங்கியவர்களின் பெயர்கள் அங்கே அழைக்கப்படுகின்றன. அதே பெயர்களை அதே நாளில் அட்டனில் தங்கிவிட்ட உறவினரும் அழைக்கின்றனர். கல்லறையை இடம் பெயர்க்க இயலாது. சட்டியையும் பெயரையும் எங்கும் எடுத்துச் செல்லலாம். இதில் ஆறுதல் உண்டு. ஆனால் அந்தப் பிரிவு இழைத்த தீங்கை இந்த ஆறுதல் கழித்துவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

2014ஆம் ஆண்டுத் தீபாவளி அக்டோபர் 22இல் வந்தது. சரியாக ஒரு வாரம் கழித்து, 29ஆம் நாள் காலையில், ஊவாவில் கொஸ்லாந்தைக்கு அருகிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தின்மேல் மலை சரிந்தது. லய வரிசைகள் மண்ணுள் மறைந்தன. ஆபத்தான இடமென்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தும் அம்மக்களுக்கு மாற்று வீடு கிடைத்திருக்கவில்லை. ஒரு வாரத்துக்கு முன் பெயர் சொல்லி அழைத்தவர்களே அழைக்கப்படவேண்டியவர்களாயினர். பலருடைய உடல் மீட்கப்படவேயில்லை. நூறாண்டுக்கு முன் காட்டுவழியில் வீழ்ந்தவருக்குக் கல்லறை இல்லாமற்போனதை அக்காலத்தின் கொடுமை என்று சொல்லி ஒதுக்கிவிடலாம். மீரியபெத்தையை அவ்வாறு ஒதுக்க இயலாது.

இப்பொழுது உரல் இருக்கும் லயம் அரிது. ஊறவைத்த அரிசியைத் தலவாக்கலையிலோ அட்டனிலோ உள்ள மா அரைக்கும் ஆலைக்குக் கொண்டுசெல்கின்றனர். தீபாவளிக்கு முந்திய வாரத்தில் அங்கே ஈர மாவுப் பைகளோடு நெடிய வரிசை நிற்கும். மிளகாய்த்தூள் அரைத்த ஆலையிலேயே அடுத்து அதிரச மாவை அரைத்துவிடுவார்களோ என்ற கவலை அவ்வரிசையிலுள்ள ஒவ்வொருத்திக்கும் உண்டு. கடையில் வாங்கிப் படைப்போரும் பெருகிவருகின்றனர். அதனைக் குறைகூற வேண்டியதில்லை. நாள் முழுதும் கொழுந்து கிள்ளிய கை இரவில் பாகு கிண்டவேண்டும் என்று எவர் கட்டளையிட முடியும்? எனினும், கடைப் பலகாரம் நிறைந்த இலையிலும் வீட்டில் சுட்ட அதிரசம் இரண்டேனும் வைக்கவேண்டும் என்று விடாப்பிடியாக இருக்கும் முதியவர்கள் இருக்கவே செய்கின்றனர்.

தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இன்று கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை பார்க்கின்றனர். தீபாவளிக்கு முந்திய இரவில் வந்துசேரும் பேருந்துகள் அவர்களால் நிறைந்திருக்கும். ஓரிரு நாளில் அவர்கள் திரும்பவேண்டும். நன்கு சுட்டு எண்ணெய் பிழிந்த அதிரசம் பத்து நாளைக்குமேல் கெடாது. படையலில் வைத்தெடுத்தவற்றை வேறாகவும் மற்றவற்றை வேறாகவும் தாளில் சுற்றி, பழைய பிஸ்கட் தகரத்தில் அடுக்கி, தாய் மகனுடைய பையில் வைக்கிறாள். கொழும்பில் தனியறையில் சாயத்தண்ணியோடு அதைத் தின்னும்போது, எது தாத்தாவின் இலையில் இருந்தது என்று அவனுக்குத் தெரியவேண்டும் என்பதற்காக அந்தப் பொட்டலத்தின்மேல் மட்டும் சிறிது திருநீறு தூவியிருக்கிறாள்.